காலந்தாழ்ந்து வருவது

நெடுங்காலம் எதிர்பார்த்த ஒன்று கடைசியில் வந்துசேரும்போது மகிழ்ச்சியோடு ஏமாற்றமும் ஏன் கூடவே வருகிறது என்பது சமயங்கள் பழங்காலந்தொட்டு ஆராய்ந்துவரும் வினா. தெய்வம் ஏன் உடனே அருளவில்லை, தாமதம் தண்டனையா கருணையா, கேட்டதும் கிடைத்ததும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்று அது பல வினாக்களாகக் கிளைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சைவ மரபு கந்தபுராணத்தின் வழியாகவும் சைவ சித்தாந்தத்தின் வழியாகவும் தலைமுறை தலைமுறையாக இதற்கு விடை தேடி வந்திருக்கிறது. வீடியோ கேம் ஒன்றின் அடுத்த பாகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இன்றைய இளைஞர்களிடையே அதே வினா புதிய உருவில் எழுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, காத்திருத்தல் மனிதரை என்ன செய்கிறது என்பது தெளிவாகிறது.

வினாவின் இன்றைய உருவம்

அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைச் சேர்ந்த டீம் செர்ரி என்னும் மிகச் சிறிய குழு 2017 இல் ஹாலோ நைட் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியான சில்க்சாங் 2019 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. முதல் விளையாட்டுக்கான ஒரு சிறு இணைப்பாகத் தொடங்கிய வேலை தனி விளையாட்டாக வளர்ந்தது. ஆண்டுகள் கடந்தன, குழுவிடமிருந்து வந்த செய்தி மிகக் குறைவு. செய்தி ஏதும் உண்டா என்பதை நாள்தோறும் அறிவிப்பதற்கென்றே ஒரு யூடியூப் அலைவரிசை நடந்தது. பெரும்பாலான நாள்களில் அது சொன்னது, இன்று செய்தி எதுவும் இல்லை என்பதைத்தான். 2025 செப்டெம்பர் 4 அன்று விளையாட்டு வெளிவந்தபோது, வாங்க வந்தவர்களின் நெருக்கத்தைத் தாங்க முடியாமல் இணைய விற்பனைத் தளங்கள் சில தடுமாறின.

முதலில் எழுந்தது பெருமகிழ்ச்சி. சில நாள்களுக்குள், விளையாட்டு அளவுக்கு மீறிக் கடினமாக இருக்கிறது என்ற முறைப்பாடு வந்தது. சீன மொழிபெயர்ப்பைப் பற்றியும் கடுமையான குறைகள் சொல்லப்பட்டன. தொடக்கப் பகுதிகளின் கடுமையைக் குழு சற்றுத் தளர்த்தியது. அந்தக் கடுமையையே விரும்பி வந்தவர்களுக்குத் தளர்த்தியது பிடிக்கவில்லை. இத்தனை காலம் எடுத்தது ஏன் என்று கேட்டபோது தயாரித்தவர்கள் சொன்ன காரணம் எளியது: அந்த வேலையில் அவர்கள் இன்புற்றிருந்தார்கள், முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருக்கவில்லை.

மற்றச் சில விளையாட்டுகளின் கதை இவ்வளவு இனிமையாக முடியவில்லை. 1997 இல் அறிவிக்கப்பட்ட டியூக் நியூகெம் பாரெவர் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2011 ஜூனில் வந்தது. பழைய காலத்துச் சரக்கு என்று பெரும்பாலோர் அதைத் தள்ளினர். 2001 இல் வந்த ஷென்மூவின் இரண்டாம் பாகத்துக்குப் பின் மூன்றாம் பாகம் 2019 நவம்பரில்தான் வெளியானது. பழைய நடையை மாற்றாமல் வைத்திருந்ததற்காகச் சிலர் அதைக் கொண்டாடினர். அதே காரணத்துக்காகவே வேறு சிலர் வெறுத்தனர். ஹாஃப்-லைஃப் வரிசையில் 2007 இல் வந்த அத்தியாயம் கதையை நடுவழியில் நிறுத்திவிட்டுப் போனது. அதை முடிக்க வேண்டிய அடுத்த அத்தியாயம் வரவேயில்லை. 1996 இல் வந்த இந்தியன் திரைப்படத்தின் இரண்டாம் பாகம் 2024 ஜூலையில் வெளியாகிப் பலரை ஏமாற்றியபோது தமிழ் இரசிகர்களும் இதே அனுபவத்தைப் பெற்றார்கள்.

இத்தகைய வரவுகளின்போது எழும் எதிர்வினைகளை நான்காக வகுக்கலாம். சிலர் வந்ததை வந்தபடி அனுபவிக்கிறார்கள். சிலர், இதற்காகவா இத்தனை ஆண்டுகள் என்று வெறுப்படைகிறார்கள். சிலர் குறைகளைக் கண்டும் காணாதவர்போல் வாதாடுகிறார்கள். செலவழித்த காலத்தை வீண் என்று ஒப்புக்கொள்வது மனத்துக்கு நோவாதலால், முன்னிலும் உறுதியாக நம்பத் தொடங்குகிறார்கள். நம்பிக்கை பொய்த்த பின்னும் அதை விடாதவர்களைப் பற்றி உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1950களில் செய்த ஆய்வு விளக்க முயன்றது இந்த மனநிலையைத்தான். நான்காம் வகையினர் பேசுவதேயில்லை. காத்திருக்கத் தொடங்கியபோது பதினைந்து வயதாக இருந்தவர்கள், வந்துசேரும்போது வேலையும் குடும்பமுமாக வேறு மனிதராகிவிட்டார்கள்.

இந்நான்கில் முதல் வகையினர் தவிர்ந்த மற்றவர்களின் எதிர்வினைக்கு ஒரே வேர் உண்டு. காத்திருக்கும் காலத்தில் மனம் வரப்போகும் பொருளின் வடிவம் ஒன்றைத் தானே வரைந்துகொள்கிறது. செய்வோரின் உழைப்பு, பணம், உடல்நலம், காலம் எதுவும் அந்த மனச்சித்திரத்துக்குத் தடையில்லை. எனவே அது எந்த விளையாட்டையும் விட அழகாக வளர்கிறது. வந்த பொருள் வந்த நாளிலேயே அந்தச் சித்திரத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்பிடப்படுகிறது.

கந்தபுராணத்தில் காத்திருத்தல்

காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணம் குடாநாட்டின் சமய வாழ்வில் பெற்றிருக்கும் இடம் தனித்துவமானது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) யாழ்ப்பாணத்தின் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று அழைத்தார். சூரனை அழித்த வீரக் கதையாகப் பலரும் அறிந்த அந்நூல், மற்றொரு நோக்கில், காத்திருத்தலைப் பற்றிய மிக நீண்ட ஆராய்ச்சி.

சூரபன்மன் ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகங்கள் ஆளும் வரம் பெற்றவன். அவனுக்கு ஏவல் செய்து நலிந்த தேவர்கள் சிவகுமாரனின் வரவுக்காகக் காத்திருந்தனர். சிவனோ சனகாதி முனிவர்களுக்கு மௌனத்தால் உணர்த்தியபடி யோகத்தில் இருந்தார். பொறுக்க முடியாத தேவர்கள் மேருவில் கூடி, அந்த யோகத்தைக் கலைக்க மன்மதனை ஏவ முடிவெடுத்தனர். அவன் அஞ்சி மறுத்தான். பிரமன் சாபத்தைக் காட்டி மிரட்டி அனுப்பினான். அம்பு பட்டது, நெற்றிக்கண் திறந்தது, மன்மதன் சாம்பலானான். அவசரம் தன் தூதனையே எரித்துவிட்டது. அவசரப்பட்ட தேவர்களோ அவன் நீறானபோது தூர நின்றார்கள், அழுதவள் அவன் மனைவி இரதி.

இதே வேளையில் வேறொருத்தியும் காத்திருந்தாள். மலையரசன் மகளாகப் பிறந்த உமை, அம்பை நம்பாமல் தவத்தை நம்பினாள். அவளைத் தேடிச் சிவனே முதிய அந்தணராக வந்து, சிவனை இகழ்ந்து பேசிச் சோதித்தார். அவள் நிலை கலங்கவில்லை. தேவரும் உமையும் எதிர்நோக்கியது சிவன் ஒருவரையே, காலமும் ஒன்றே. தேவர் காத்திருத்தலை ஒரு தடையாகக் கண்டு அதை உடைக்கப் பார்த்தனர். உமை அதைத் தன் தவமாக ஆக்கிக்கொண்டாள். இறைவனை அவர் இருக்குமிடத்திலிருந்து வரவழைத்தது உமையின் வழி. மலர்க்கணைகளால் முடியாத காரியம் அது.

காத்திருத்தலின் மூன்றாம் காட்சி சிறைச்சாலையில் நிகழ்கிறது. சூரனின் சிறையில் வாடிய இந்திரன் மகன் சயந்தன் நெஞ்சழிந்து புலம்புகிறான். முருகன் அவன் கனவில் தோன்றித் தேற்றுகிறார். சிறைக்கதவு அப்போதும் திறக்கவில்லை. துன்பத்தின் நாள்களும் குறையவில்லை. ஆயினும் கண்விழித்த சயந்தன் முன்பு போல் துவளவில்லை. தாமதம் நீங்காமலே காத்திருப்பவர் தேற முடியும் என்பதை அக்கனவு காட்டுகிறது.

கடைசியில் வந்தது எவருடைய எதிர்பார்ப்புக்கும் அடங்காதது. சூரன் எதிர்கொண்டது சிறுவன் என்று அவன் இகழ்ந்திருந்த ஒருவனை. அவன் கண்டதோ பேருருவம். அந்தக் கணத்தில் அவன் அகந்தை அடங்கியது; உருவம் மறைந்ததும் திரும்பவும் மூண்டது. தேவர்கள் வேண்டியது பகைவனின் அழிவை. அவர்கள் கண்டதோ மாமரமாக நின்ற சூரன் பிளவுண்டு மயிலும் சேவலுமாகி, அதே கடவுளின் ஊர்தியும் கொடியுமானதை. பகைவனுக்கும் அருள் கிடைக்கும் முடிவை அவர்கள் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டதை விடப் பெரிதாக வருவதும் எதிர்பார்ப்பைப் பொய்ப்பிக்கும் என்பது இங்கே தெரிகிறது.

சித்தாந்தத்தின் விடை

இக்கதைகளுக்கு அடிப்படையான தத்துவத்தை மெய்கண்டாரின் சிவஞானபோதமும் அதன் வழிநூல்களும் வகுத்துத் தருகின்றன. இறைவனின் தொழில்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவதான மறைத்தல் அருளுக்கு எதிரானது அல்ல என்பது சித்தாந்தத்தின் துணிபு. உயிர் ஆணவ மலத்தால் மூடப்பட்டிருக்கும் நிலையில், அதனால் தாங்க இயலாத அளவில் உண்மையைக் காட்டாமல், அதை உலக அனுபவங்களில் ஈடுபடுத்திப் பக்குவப்படுத்தும் ஆற்றலுக்குத் திரோதானம் என்று பெயர். அருள் தன்னை மறைத்துக்கொண்டு செய்யும் வேலை அது. மலம் கழலும் பக்குவமாகிய மலபரிபாகம் நிகழ்ந்து, நல்வினை தீவினை இரண்டின் பயனையும் சமமாக ஏற்கும் இருவினையொப்பு வாய்க்கும்போது, திருவருள் பதிகிறது. அது சத்திநிபாதம். மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று அது நான்கு நிலையாகப் பேசப்படும். ஒரே நாளில் எல்லாருக்கும் ஒரே அளவாக அது நிகழ்வதில்லை.

மன்மதன் கதை இந்தக் கோட்பாட்டின் மறுபக்கம். காய்ப் பருவத்தில் பிடுங்கிப் புகைபோட்ட கறுத்தக்கொழும்பான் மாங்காய் நிறத்தால் பழமாகிவிடும், சுவையால் ஆகாது. தேவர்கள் விரும்பியது அத்தகைய பழுத்தலை.

உயிரின் இயல்பைப் பற்றிச் சித்தாந்தம் சொல்லும் மற்றொன்றும் இங்கே முதன்மையானது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறும். ஆகவே காத்திருக்கும் காலம் வெறுங்காலம் அல்ல. நாள்தோறும் எதை நினைத்து ஒருவர் காத்திருக்கிறாரோ, அதுவாக அவர் சிறிது சிறிதாக ஆகிறார். ஏக்கத்தைச் சார்ந்தவர் ஏக்கமாகிறார். கோபத்தைச் சார்ந்தவர் கோபமாகிறார். தவத்தைச் சார்ந்த உமை தவமானாள். பொருள் வரும் நாளில் அதை வாங்கிக்கொள்ளும் கை இவ்வாறு ஆக்கப்பட்ட கைதான். ஒரே நாளில் ஒரே விளையாட்டைப் பெற்ற இருவரில் ஒருவர் மகிழ்வதும் மற்றவர் வெகுள்வதும் ஏன் என்பதற்கு இதனினும் நெருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது.

இவ்வாறு பக்குவப்படுவதற்குக் குடாநாட்டிலேயே சான்று உண்டு. நல்லூர்த் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகள், தம்மை நாடி வந்தவர்களை ஏசித் துரத்தியதாக மரபு சொல்லும். அவருடைய சீடர் யோகர் சுவாமிகள் (1872–1964) அந்தக் கடுமையைத் தாங்கி நின்று கனிந்தவர். பின்னர் கொழும்புத்துறையில் அமர்ந்து மக்களுக்கு வழிகாட்டினார். நடக்க வேண்டியவை யாவும் என்றோ நடந்து முடிந்துவிட்டன என்ற அவருடைய உபதேசம் குடாநாட்டில் இன்றும் அன்றாடப் பேச்சில் வழங்குகிறது. காத்திருத்தலின் பதற்றத்தை வேரோடு களையும் உபதேசம் அது. வருங்காலத்தில் எதுவும் தேங்கிக் கிடக்கவில்லை. திறக்க வேண்டியது காண்பவரின் கண்.

இரண்டாம் வருகை

குடாநாட்டின் கிறிஸ்தவ மரபும் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தது. போர்த்துக்கேயர் காலந்தொட்டு வேரூன்றிய கத்தோலிக்கமும், 1816 இல் வந்த அமெரிக்க மிஷன் பரப்பிய புரட்டஸ்தாந்தமும் இயேசுவின் இரண்டாம் வருகையை அறிக்கையிடுகின்றன. முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களில் பலர் தம் வாழ்நாளிலேயே அதை எதிர்பார்த்தனர். அது நிகழாமல் ஆண்டுகள் சென்றபோது திருச்சபை இரண்டு விடைகளைக் கண்டது. பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் திருமுகம், ஆண்டவர் தாமதிக்கவில்லை, எல்லாரும் மனம் மாறும்வரை பொறுமை காட்டுகிறார் என்று விளக்கியது. தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம், சோம்பித் திரிந்தவர்களை உழைத்து உண்ணும்படி பணித்தது. முதலாவது திரோதானத்துக்கு அருகில் நிற்கும் கருத்து. இரண்டாவது, காத்திருத்தலுக்கு ஒரு வேலைமுறையைத் தரும் கட்டளை. கிறிஸ்து பிறப்புக்கு முன் வரும் நான்கு வாரத் திருவருகைக் காலம், இந்தக் காத்திருத்தலை ஆண்டுதோறும் பழகிக்கொள்வதற்கென அமைந்தது.

நாளைக் குறித்துக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 ஒக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று நம்பினர்; அந்த நாள் கழிந்தபோது பலர் நொறுங்கினர். நாளைக் குறிப்பதில் உள்ள ஆபத்தை, வெளியீட்டு நாளை அறிவித்து அறிவித்துத் தள்ளிவைக்கும் விளையாட்டு நிறுவனங்களும் அறியும்.

புராணப் படிப்பு

காத்திருத்தலைப் பழக்கும் யாழ்ப்பாணத்தின் சொந்தக் கலை புராணப் படிப்பு. கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். நாள்தோறும் சில செய்யுள்களாக அது மாதக்கணக்கில் நீளும். காமதகனம் ஒரு நாள் வரும். திருக்கல்யாணப் படலம் வரும் நாளில் சிறப்புப் பூசை நடக்கும். போர் பல நாள்களுக்கு நீடிக்கும். வள்ளியம்மை திருமணத்தோடு படிப்பு நிறைவுறும். அடுத்த ஆண்டு திரும்பத் தொடங்கும். கந்தசஷ்டியில் சூரன்போர் வீதியில் நடிக்கப்படும்போது குழந்தைகளுக்குக்கூட முடிவு தெரியும்.

இன்றைய தொடர்கதைச் சந்தை அறியாமையின் மேல் கட்டப்பட்டது. அடுத்தது என்ன என்பது தெரிந்துவிட்டால் அதன் விறுவிறுப்புக் குன்றிவிடும். முடிவை முன்கூட்டிச் சொல்பவர் குற்றவாளியாகிறார். புராணப் படிப்பில் மறைக்க எதுவும் இல்லை. நாற்பதாவது தடவையாகக் கேட்பவரும் அடுத்த நாள் படலத்துக்குக் காத்திருக்கிறார். கதையில் புதிதாக எதுவும் வரப்போவதில்லை; புதிதாவது கேட்பவர். மகனை இழந்த ஆண்டில் இரதியின் புலம்பலைக் கேட்கும் தாய், சென்ற ஆண்டு அதைக் கேட்ட பெண்ணல்ல. பயன் சொல்பவரும் சபைக்கேற்ப விரிப்பார், சுருக்குவார்.

நூலின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. தேவர்கள் ஏன் அத்தனை துன்பப்பட்டார்கள் என்பதற்கான விடை, தக்கன் வேள்வியில் அவர்கள் பங்குகொண்ட பிழை. அதை விரித்துரைக்கும் தட்ச காண்டம் ஆறாவதாக, வெற்றிக்குப் பின்னரே வருகிறது. துன்பத்தின் காரணம் துன்பம் நீங்கிய பிறகுதான் விளங்கும் என்ற உண்மை காண்டங்களின் வரிசையிலேயே பொதிந்திருக்கிறது. கச்சியப்பர் பாடாமல் விட்ட ஏழாம் பகுதியான உபதேச காண்டத்தைப் பிற்காலத்தில் கோனேரியப்ப முதலியாரும் ஞானவரோதயரும் தனித்தனியே பாடினர். அத்தொடர்ச்சி வந்ததால் முதல் ஆறு காண்டங்களின் மதிப்புக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

திரும்பி வந்தவை

குடாநாட்டின் அண்மைக்கால வாழ்வில் இந்த வினா நூலளவில் நிற்கவில்லை. 1956 முதல் ஓடிய யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்கு வருவது 1990 ஜூனில் நின்றது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ரயில் சேவை 2014 ஒக்டோபர் 13 அன்று மீண்டும் தொடங்கியது. அதே பெயரோடு வந்த ரயில் ஓடியது புதிய தண்டவாளத்தில். நின்றது புதிதாக எழுப்பிய நிலையத்தில். இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒரு தலைமுறை தன் ஊரில் ரயிலையே காணாமல் வளர்ந்திருந்தது. பழைய பயணங்களை நினைவில் வைத்திருந்தவர்களில் பலர் இறந்தும் புலம்பெயர்ந்தும் போயிருந்தனர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் போரால் இடம்பெயர்ந்தவர்கள், இராணுவத்தின் பிடியிலிருந்த காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிச் சென்று, வீடிருந்த இடத்தில் பற்றையைக் கண்டார்கள். வேலியும் கிணறும் தேடி எல்லை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மனத்தில் காத்த வீடு 1990 இன் வீடு. கைக்கு வந்தது வெறும் நிலம். அந்நிலத்தைக் கண்டு அழுதவர்களே அதைத் துப்புரவாக்கி, கொட்டில் போட்டு, பனங்கன்றும் தென்னங்கன்றும் நட்டார்கள். வந்ததை வந்தபடி ஏற்பது என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

ஒப்புமையின் எல்லை

விளையாட்டுக்கும் வீட்டுக்கும் கடவுளுக்குமான காத்திருப்புகள் ஒரே எடையுடையவை அல்ல. விளையாட்டு ஓர் எல்லைக்குட்பட்ட பொருள். காசு கொடுத்து வாங்கியவருக்கு அதன் குறையைச் சொல்லும் உரிமை உண்டு. காணி சொந்தக்காரரின் உரிமை. அதைக் கேட்பது அவசரமும் ஆகாது, பக்குவக்குறைவும் ஆகாது. திரோதானக் கோட்பாட்டைக் கையிலெடுத்து, இத்தாமதம் உன் நன்மைக்கே என்று அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால், அது சித்தாந்தத்தைத் திரிப்பதாகும். மறைத்தல் இறைவனின் தொழில். மனிதர் அதைத் தமதாக்கிக்கொள்ள முடியாது. தாமதத்தில் பொருள் காணும் உரிமை காத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. காக்க வைப்பவருக்கு இல்லை. சயந்தனைத் தேற்றிய முருகனே சூரனோடு போரும் செய்தார் என்பதை மறக்கலாகாது. உள்ளே தேறுதலும் வெளியே நீதி கேட்டலும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

இந்த எல்லைக்குள் நின்று மரபு தரும் முடிவுகள் மூன்று. காத்திருக்கும் காலத்தில் மனம் வரைந்த சித்திரத்தை வருவதன் மேல் சுமத்தலாகாது. வருவது தன் வடிவில் வரட்டும். காத்திருக்கும் நாள்களுக்கென ஒரு தொழில் வேண்டும். சைவர் கோயில் முற்றம் கூட்டிப் பூத்தொடுத்ததும், தெசலோனிக்கர் உழைக்கப் பணிக்கப்பட்டதும், உமை தவம் செய்ததும் அதற்காகவே. செய்வோருக்கு உரிய காலத்தை அவசரத்தால் பறிக்க முயல்வது, எதிர்பார்த்த பொருளையும் கெடுக்கும், ஏவப்பட்டவரையும் அழிக்கும். இம்மூன்றையும் பழகியவருக்கும் ஏமாற்றம் வரலாம். ஆனால் அவர் காத்திருந்த ஆண்டுகள், பொருள் எப்படி வந்தாலும், வராமலே போனாலும், வீணாவதில்லை. அவரை ஆக்கும் வேலையை அவை ஏற்கெனவே செய்து முடித்திருக்கும்.